பரீட்சை மண்டபத்தில் நியாயம்

கேட்டதை உடனே கிரகித்து, வாயால் தெளிவாக விடை சொல்லும் மாணாக்கன் ஒருவன், அச்செழுத்தை வாசிப்பதிலும் எண்ணியதை எழுதுவதிலும் பிறர்க்குப் பின்தங்கி விடுகிறான். வாசிப்பில் தோன்றும் இக்குறைபாட்டை டிஸ்லெக்ஸியா என்றும், எழுத்தில் தோன்றுவதை டிஸ்கிராபியா என்றும் நிபுணர் கூறுவர். நம் வீடுகளிலும் பள்ளிகளிலுமோ சோம்பல், மந்தபுத்தி என்பனவே இதற்கு வழங்கிய பெயர்கள். அப்பழிச்சொல்லைத் தாங்காது படிப்பைத் துறந்தவர்களுக்குக் கணக்கு வைத்தவர் எவருமில்லை.

2016-ஆம் வருஷம் பார்லிமெண்டு இயற்றி, 2017 ஏப்ரல் 19 முதல் அமுலுக்கு வந்த மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம், கற்றல் குறைபாட்டை 21 குறைபாடுகளுள் ஒன்றாக ஏற்றது. பரீட்சையில் கூடுதல் நேரம், எழுதித்தர உதவியாளர், இரண்டாவது மூன்றாவது பாஷைகளிலிருந்து விலக்கு ஆகியவற்றை அதன் 17-வது பிரிவு குறிப்பிடுகிறது. மணிக்கு 20 நிமிஷத்துக்குக் குறையாத உபரி நேரம் வேண்டுமென்று 2018-ஆம் வருஷத்து விதிகள் வரையறுத்தன.

சட்டம் நல்லதே. ஆயினும் அதன் பயன் சர்ட்டிபிகேட் என்னும் குறுகிய வாயில் வழியாகவே வருகிறது. 2018-இல் வகுத்த முறைப்படி, சிறுவயதில் பெற்ற அத்தாட்சியை 14 வயதிலும் 18 வயதிலும் புதுப்பிக்க வேண்டியிருந்தது. 18-இல் பெறுவதே ஆயுள் முழுவதும் செல்லும் என்று அம்முறை விதித்தது. கல்லூரி வாசலை மிதிக்கும் தருணத்திலேயே மாணாக்கன் மீண்டும் ஆஸ்பத்திரி வாசலில் நிற்க நேரிட்டது. சோதனை செய்யத் தேர்ந்தவர்களோ பெரும்பாலும் நகரங்களிலேயே இருக்கின்றனர். கிராமத்து ஏழைப் பிள்ளை என் செய்வான்?

அத்தாட்சி கையிலிருந்தும் அநீதி நேர்ந்ததுண்டு. 2021-இல் வைத்தியக் கல்லூரி நுழைவுப் பரீட்சை எழுதிய டிஸ்கிராபியா உள்ள மாணவி ஒருவருக்கு உரிய ஒரு மணி நேரம் மறுக்கப்பட்டு, விடைத்தாளும் பறிக்கப்பட்டது. பரீட்சை வசதிகளை 40 சதவிகிதமும் அதற்கு மேலும் குறைபாடுடையோர்க்கு மட்டுமே என்று சுருக்கலாகாதென அவ்வருஷம் நவம்பர் 23-ஆம் தேதி சுப்ரீம் கோர்ட் தீர்ப்பளித்தது. இட ஒதுக்கீடு வேறு, பரீட்சை வசதி வேறு என்பதே அதன் சாரம். எனினும் மறுபரீட்சை கிட்டவில்லை. நேர்ந்த அநீதிக்குப் பரிகாரம் ஆராயும்படி மட்டுமே பரீட்சை ஸ்தாபனத்துக்கு உத்தரவாயிற்று. போன மணி போனதுதான்!

கூடுதல் நேரம் பிறர்க்கு அநீதி என்பாரும் உளர். கிட்டப்பார்வை உள்ளவன் மூக்குக்கண்ணாடி அணிந்து பரீட்சை எழுதினால் அதை மோசடி என்பார் உண்டோ? கண்ணாடி விடையைச் சொல்லித் தருவதில்லை. கூடுதல் நேரமும் அப்படியே.

அத்தாட்சியே வேண்டாமென்பது நம் கட்சியன்று. பொய்யர் புகாதிருக்கப் பரிசோதனை அவசியம். ஆனால் அது ஜில்லாதோறும், தாய்மொழியில், செலவின்றிக் கிடைத்தல் வேண்டும். பரீட்சை மேற்பார்வையாளர்க்குச் சட்டம் போதிக்கப்பட வேண்டும். சட்டம் தோன்றுமுன்னரே, 1991-இல், மதராஸ் டிஸ்லெக்ஸியா சங்கம் நம் நகரில் இத்தொண்டைத் தொடங்கிற்று. சர்க்காரும் சர்வகலாசாலைகளும் இனியும் வாளாவிருத்தல் தகாது. ஊர்தோறும் உழைக்கும் தொண்டர்களும் இக்குறையுள்ள பிள்ளைகளைக் கண்டறிந்து, அவர்தம் உரிமையை அவர்களுக்கு அறிவிப்பார்களாக.