துரோகி ஒருவனால் விழுந்த கோட்டை எது?

சரித்திரப் படம் ஒன்று வந்துவிட்டால் போதும், நம்மூர்ப் பேச்சு ஒரே தடத்தில் ஓடும். "வெள்ளைக்காரன் எங்கே ஜெயிச்சான்? நம்ம ஆளுங்களே காட்டிக் குடுத்தானுங்க." சேவூரில் தறிக்குழியில் காலை விட்டு உட்கார்ந்திருப்பவரும் இதைச் சொல்வார், ஆரணியில் பட்டுக்கடைக் கல்லாவில் இருப்பவரும் சொல்வார்.

இந்தப் பேச்சில் கட்டாயம் தலைகாட்டும் படம் ஒன்று உண்டு. அது வெளிவரவே இல்லை. 1997 அக்டோபர் 16 அன்று சென்னையில் இங்கிலாந்து ராணி இரண்டாம் எலிசபெத் முன்னிலையில் கமல்ஹாசன் தொடங்கிய 'மருதநாயகம்', பணமில்லாமல் நின்றுபோய்க் கால் நூற்றாண்டு தாண்டிவிட்டது. ஆனாலும் வராத படத்தின் கதை எல்லாருக்கும் மனப்பாடம். பனையூரில் பிறந்தவன், யூசுப்கான் ஆனான், கிழக்கிந்தியக் கம்பெனிப் படையில் தளபதியானான், மதுரைக்கு அதிபதியானான், பேராசைப்பட்டான், கூட இருந்தவர்கள் காட்டிக் கொடுத்தார்கள், தூக்கில் தொங்கினான். ஆசை, துரோகம், சாவு. சுபம்.

இதில் சொல்லப்படும் சம்பவங்கள் நடந்தவைதான். அவற்றைக் கோத்திருக்கும் காரணம்தான் தப்பு. சாய்ந்துகொண்டிருந்த முகலாயப் பேரரசில் யார் வென்றார், யார் தோற்றார் என்பதைத் துரோகத்தை வைத்து அளந்தால் கணக்கு நேராகாது. அந்தக் காலத்துச் சண்டைகளில் ஒன்று ஆரணி வயல்வெளியிலேயே நடந்தது. ஆகவே இந்த ஊர்க்காரர்களாவது கொஞ்சம் நிதானித்துப் பேசலாம். சொல்லப்படுவதை ஒவ்வொன்றாக எடுத்துப் பார்ப்போம்.

"உண்ட வீட்டுக்கு இரண்டகம் செய்தவன்"

யார் வீட்டில் உண்டான்? முதலில் அதற்குப் பதில் வேண்டும்.

1707-ல் ஔரங்கசீப் இறந்த பிறகு, ஏட்டில் ஒரு வரிசை இருந்தது. டெல்லியில் பாதுஷா, அவருக்குக் கீழே ஹைதராபாத் நிஜாம், அவருக்குக் கீழே ஆற்காட்டு நவாபு. 1739-ல் நாதிர்ஷா டெல்லியைச் சூறையாடியபோதே அந்த வரிசையின் தலைப்பக்கம் கழன்றுவிட்டது. மற்றது எப்படிக் கழன்றது என்பதை ஆரணியைச் சுற்றி ஒரு வட்டம் போட்டாலே பார்க்கலாம். 1742-ல் வேலூர்க் கோட்டையில் நவாபு சப்தர் அலியைச் சொந்த மைத்துனர் முர்தஸா அலி கொல்ல வைத்தார். 1744-ல் ஆற்காட்டில் சப்தர் அலியின் சிறுவயது மகன் கொலையானான். 1749-ல் ஆம்பூர்ப் போரில் நவாபு அன்வருத்தீன் விழுந்தார். 1750 டிசம்பரில் செஞ்சிப் பக்கம் முகாமிட்டிருந்த நிஜாம் நாசர் ஜங், தன் பக்கம் படை கொண்டு வந்திருந்த நவாபு ஒருவரின் கையாலேயே செத்தார். அவருக்குப் பின் வந்த முசாபர் ஜங் இரண்டே மாதத்தில் போய்ச் சேர்ந்தார்.

யூசுப்கானைத் துரோகி என்று சொல்லித் தூக்கிலிட வைத்தவர் அன்வருத்தீனின் மகன் முகமது அலி. இதே முகமது அலிதான் நவாபு பட்டத்துக்குப் போட்டியிட்ட சந்தா சாகிப்பிடமிருந்து தப்பிக்க மைசூர்ப் படையின் உதவியைக் கேட்டு, பதிலுக்குத் திருச்சியைத் தருகிறேன் என்று வாக்குக் கொடுத்தவர். 1752-ல் காரியம் முடிந்ததும் திருச்சியைக் கொடுக்காமல் கைவிரித்தவரும் அவரே. இதை எந்தப் படமும் துரோகம் என்று காட்டியதில்லை. கடைசியில் நாற்காலியில் உட்கார்ந்தவர் செய்தால் ராஜதந்திரம். கயிற்றில் தொங்கியவர் செய்தால் இரண்டகம்.

சேவூரில் இது புரியாத சங்கதி இல்லை. கூலி கட்டுபடியாகவில்லை என்று ஒரு தறிக்காரர் முன்பணப் பாக்கியோடு முதலாளி மாறினால் 'நன்றி கெட்டவன்' என்ற பெயர் அன்றைக்கே தெருவுக்கு வந்துவிடும். நெய்த சேலையை வாங்கிக்கொண்டு கூலியை மூன்று மாதம் இழுத்தடித்த முதலாளிக்கு அப்படிப் பெயர் எதுவும் வருவதில்லை. விசுவாசத்தை யார் யாரிடம் கேட்கிறார்கள் என்று பார்த்தால், கேட்பவர் கையில்தான் எப்போதும் கணக்கு நோட்டு இருக்கிறது.

"பேராசை பெருநஷ்டம், அவனும் அழிந்தான்"

ஆசை இருந்தது. அதை மறுக்கவில்லை. 1763-ல் கம்பெனியையும் நவாபையும் உதறி, மதுரையில் பிரெஞ்சுக் கொடியை ஏற்றியவர் ஆசையில்லாத சாமியாராக இருக்க முடியாது. அழித்தது அந்த ஆசைதானா என்பதே கேள்வி.

1756-ல் கம்பெனி அவரை மதுரை, திருநெல்வேலிச் சீமைகளுக்கு அனுப்பியது வரி வசூலுக்காக. அதைக் கறாராகச் செய்தார். பூலித்தேவர் உள்ளிட்ட பாளையக்காரர்களை இரக்கமில்லாமல் அடக்கினார். அந்தக் கணக்கில் அவரை யாரும் புனிதராக்க வேண்டாம். அதே கையோடு கொள்ளையை ஒடுக்கினார், மீனாட்சியம்மன் கோயிலுக்கு நின்றுபோயிருந்த மானியத்தைத் திரும்பக் கொடுத்தார். ஆண்டுக்கு 5 லட்சம் ரூபாய் குத்தகையில் ஆண்ட சீமைக்கு, 1761-ல் 7 லட்சம் தருகிறேன், நான்கு வருஷத்துக்கு எழுதிக் கொடுங்கள் என்று கேட்டார். கேட்டது கிடைக்கவில்லை. அவர் நவாபின் வேலைக்காரர், பணம் நவாபு வழியாகத்தான் வரவேண்டும் என்று கம்பெனி சொல்லிவிட்டது.

ஏன்? நவாபு கம்பெனிக்குக் கடன்பட்டிருந்தார். போர்ச் செலவு முழுக்க அவர் பேரில் எழுதப்பட்டிருந்தது. அந்தக் கடனுக்கு ஈடு, சீமைகளின் வரி. மதுரைப் பணம் நேராகச் சென்னைக்குப் போனால் நவாபுக்குப் பிடிமானம் போகும். குத்தகைக்காரன் நன்றாக ஆண்டதே அவருக்கு ஆபத்தாகிவிட்டது.

பேராசை என்றால் முகமது அலியின் மீதிக் கதையைப் பார்க்க வேண்டும். கம்பெனி அதிகாரிகளிடமே தனித்தனியாக வட்டிக்கு வாங்கி, வட்டிக்கு வட்டி கட்டி, ஊர் ஊராக வரியை அடகு வைத்தார். 1785-ல் எட்மண்ட் பர்க் இங்கிலாந்து நாடாளுமன்றத்தில் ஆற்காட்டு நவாபின் கடன்களைப் பற்றியே நெடிய உரை ஆற்றும் அளவுக்கு அது நாறியது. 1801-ல் அவருடைய பேரன் காலத்தில் கர்நாடகம் முழுக்கக் கம்பெனிக்குப் போனது. ஆசை அழிக்கும் என்றால் இருவரையும்தான் அழித்தது. வித்தியாசம் இவ்வளவுதான்: ஒருவருக்குக் கயிறு, மற்றவர் வம்சத்துக்குப் பென்ஷன்.

"காட்டிக் கொடுக்காமல் இருந்தால் மதுரை விழுந்திருக்காது"

1764 அக்டோபரில் தொழுகை நேரத்தில் யூசுப்கானைப் பிடித்துக் கட்டியவர்கள் அவருடைய ஆட்களே. திவான் சீனிவாசராவ், பிரெஞ்சு அதிகாரி மர்ச்சாண்ட் இருவரும் அதில் இருந்தார்கள். அக்டோபர் 15-ஆம் தேதி மதுரைக்கு வெளியே தூக்கு. உடலைத் துண்டாக்கிப் பல ஊர்களுக்கு அனுப்பினார்கள். மதுரை சம்மட்டிபுரத்தில் அவருக்கு இன்றும் அடக்கத்தலம் இருக்கிறது.

இந்தக் கடைசிக் காட்சி சினிமாவுக்கென்றே அமைந்ததுபோல இருக்கிறது. அதனால்தான் அதற்கு முந்தைய ஒரு வருஷம் கண்ணில் படுவதில்லை. 1763-ல் தொடங்கிய முதல் முற்றுகை பலிக்காமல் பின்வாங்கியது. 1764-ல் மேஜர் சார்லஸ் காம்ப்பெல் தலைமையில் மறுபடி வந்தார்கள். ஜூனில் மதிலை உடைத்து ஏறப் பார்த்துப் பலத்த அடி வாங்கினார்கள். அதுவரை மதுரைக்குள் யாரும் யாரையும் காட்டிக் கொடுக்கவில்லை, கோட்டை நின்றது. அதற்குப் பிறகு கம்பெனிப் படை சண்டையை விட்டுவிட்டு வழிகளை அடைத்தது. நெல் வரவில்லை. மருந்து வரவில்லை. மாதங்கள் ஓடின.

வெளியிலிருந்து உதவி வருமா? பாண்டிச்சேரி 1761 ஜனவரியிலேயே விழுந்துவிட்டது. 1763 பிப்ரவரியில் பாரிஸ் உடன்படிக்கை கையெழுத்தாகி, பிரான்சும் இங்கிலாந்தும் சமாதானமாகிவிட்டன. மதுரை மதிலில் பறந்த கொடிக்குப் பின்னால் ஒரு கப்பல்கூட இல்லை. இந்த நிலையில் கோட்டைக்குள் இருந்தவர்களுக்கு இரண்டே வழி: பட்டினி கிடந்து சாவது, அல்லது தலைவனைக் கொடுத்து உயிரை வாங்குவது. அவர்கள் செய்தது கேவலம்தான். ஆனால் மதுரையை வீழ்த்திய காரியங்கள் முன்பே முடிந்துவிட்டன. சீனிவாசராவும் மர்ச்சாண்டும் கடைசித் தேதியை மட்டும் முடிவு செய்தார்கள்.

"நம்மவர்கள் விலை போனதால் வெள்ளைக்காரன் வென்றான்"

இதற்குப் பதில் சொல்ல ஆரணியே போதும்.

1751-ல் ஆற்காட்டுக் கோட்டையைப் பிடித்து உட்கார்ந்த கம்பெனித் தளபதி ராபர்ட் கிளைவை, சந்தா சாகிப்பின் மகன் ராசா சாகிப் ஏறக்குறைய 50 நாள் முற்றுகையிட்டுப் பார்த்துவிட்டுக் கைவிட்டார். கிளைவ் வெளியே வந்து துரத்தினார். முராரிராவின் மராட்டியக் குதிரைகள் அவரோடு சேர்ந்துகொண்டன. ராசா சாகிப்புக்குப் பிரெஞ்சுப் படையும், கிளைவைவிடப் பெரிய எண்ணிக்கையும் இருந்தன. டிசம்பர் 3 அன்று இரு தரப்பும் ஆரணியில் மோதின. நடவு வயல்களில் தண்ணீர் நின்ற காலம். பீரங்கியை இழுத்துவர ஒரே ஒரு கரைவழி. அதன்மேல் வந்தவர்களைக் கிளைவின் துப்பாக்கிகள் பிடித்துக்கொண்டன. இறங்கினால் சேறு, ஏறினால் குண்டு. இருட்டிய பிறகுதான் மிச்சமிருந்தவர்கள் தப்பினார்கள்.

அடுத்து நடந்ததுதான் முக்கியம். துரத்திப் போன மராட்டியர்கள் ராசா சாகிப்பின் படைப் பணப்பெட்டியைப் பிடித்தார்கள். உள்ளே 1 லட்சம் ரூபாய். அதற்குப் பிறகு தோற்ற பக்கத்துச் சிப்பாய்கள் வந்து கிளைவிடம் வேலை கேட்டார்கள். நல்ல துப்பாக்கியோடு வந்தவர்களை மட்டும் அவர் எடுத்துக்கொண்டார். அப்படியே 600 பேர் தேறினார்கள்.

இந்த 600 பேரும் துரோகிகளா? அவர்களுக்கு நாடு என்று எதைக் காட்டுவீர்கள்? நேற்றுவரை சம்பளம் கொடுத்தவரின் பெட்டி இன்று எதிரி கையில். வீட்டில் பிள்ளை குட்டி. பெட்டி இருக்கும் பக்கம் போனார்கள். முகலாய அரசின் மிச்சசொச்சங்களை ஆண்ட நவாபுகளின் படைகளில் சம்பளப் பாக்கி நிரந்தர நோய். கம்பெனி வியாபாரிகள் வேறு எதில் யோக்கியர்களோ இல்லையோ, சிப்பாய்க்கு மாதம் தவறாமல் பணம் கொடுத்தால் அவன் நிற்பான் என்பதைக் கற்றுக்கொண்டார்கள். அவர்கள் வென்ற ரகசியத்தில் பெரிய பங்கு அந்தச் சம்பளப் பட்டியலுக்கு உண்டு.

ஆரணிக் கோட்டைத் தலைவரான கில்லேதார் என்ன செய்தார் தெரியுமா? ராசா சாகிப்பின் உடைமைகள் கோட்டைக்குள் இருப்பதாகத் துப்பு கிடைத்துக் கிளைவ் கேட்டு அனுப்பினார். முதலில் இல்லை என்றார் கில்லேதார். பிறகு ஒரு யானையையும் 15 குதிரைகளையும் மூட்டை முடிச்சுகளையும் வெளியே அனுப்பினார். முகமது அலிக்கு விசுவாசமாக இருப்பதாகச் சத்தியமும் செய்தார். கோட்டையை மட்டும் கொடுக்கவில்லை. மதிலைத் தகர்க்கும் பெரிய பீரங்கி கிளைவிடம் இல்லை என்பதை அவர் கவனிக்காமல் இருந்திருக்க மாட்டார். ஒரே சமயத்தில் ஒரு தலைவரைக் கைவிட்டார், இன்னொருவரை ஏமாற்றினார், கோட்டையைக் காப்பாற்றினார். இவரை எந்தப் பெட்டியில் போடுவீர்கள்?

முப்பது வருஷம் கழித்து, 1782 ஜூனில், கம்பெனித் தளபதி ஐர் கூட் மைசூரின் ஹைதர் அலியோடு மோத ஆரணிக்கு ஏன் வந்தார்? ஹைதரின் தளவாடமும் தானியமும் இங்கே கிடங்கில் இருந்தன. அந்த முறையும் சண்டை கிடங்கைத் தேடியே வந்தது.

"படம் என்றால் வில்லன் வேண்டும், கணக்கை யார் பார்ப்பார்?"

இந்த ஒரு வாதத்தில்தான் கொஞ்சம் உயிர் இருக்கிறது. மூன்று மணி நேரத்தில் வட்டிக் கணக்கு சொன்னால் ஜனங்கள் எழுந்து போய்விடுவார்கள் என்கிறார்கள். 1959-ல் வந்த 'வீரபாண்டிய கட்டபொம்மன்' எப்படி ஓடியது என்று உதாரணமும் காட்டுகிறார்கள்.

அந்த உதாரணமே எதிராகத் திரும்புகிறது. அந்தப் படத்துக்குப் பிறகு தமிழ்நாட்டில் துரோகத்துக்கு ஒரே முகம் எட்டயபுரத்து எட்டப்பன். கட்டபொம்மன் பிடிபட்டதோ புதுக்கோட்டைத் தொண்டைமான் சீமையில். பிடித்துக் கொடுத்ததும் தொண்டைமானின் ஆட்கள். எட்டயபுரம் கம்பெனிக்குத் துணை போனது உண்மை, கட்டபொம்மனோடு எல்லைத் தகராறும் உண்மை. ஆனால் ஒரு வில்லனுக்கு இடம் ஒதுக்கியதும் மற்றவர்களின் பங்கு கழுவப்பட்டுவிட்டது. கட்டபொம்மனிடம் கம்பெனி கேட்ட கிஸ்தி நவாபு தன் கடனுக்கு ஈடாகக் கைமாற்றிவிட்ட உரிமை என்பது எத்தனை பேருக்கு ஞாபகம் இருக்கிறது? வரி கேட்கும் வசனம் நாக்கில் நிற்கிறது. வரி ஏன் கேட்கப்பட்டது என்பது நிற்கவில்லை.

கணக்கு சுவாரசியமில்லாதது என்பதும் பொய். சேற்று வயலில் பணப்பெட்டியோடு மாட்டிக்கொண்ட படை, யானையை வெளியே தள்ளிவிட்டுக் கதவைச் சாத்திக்கொண்ட கில்லேதார், 7 லட்சம் தருகிறேன் என்று சொல்லியும் அதனாலேயே சந்தேகத்துக்கு ஆளான குத்தகைக்காரன், கப்பல் வராது என்று தெரிந்தும் கொடியை இறக்காத தளபதி: இவை காட்சிகள் இல்லையென்றால் வேறு எவை காட்சிகள்?

துரோகிக் கதை பிடித்துப்போவதற்குக் காரணம் அதிலுள்ள சௌகரியம். ஓர் ஆள் கெட்டவனாக இருந்ததால் தோற்றோம் என்றால், மற்ற எல்லாரும் நல்லவர்கள் ஆகிவிடுகிறோம். சம்பளம் தராத அரசு, கடனில் மூழ்கிய நவாபு, வரியை ஏலம் விட்ட கச்சேரி எதையும் கேள்வி கேட்க வேண்டியதில்லை. அடுத்த முறை எல்லாரும் விசுவாசமாக இருந்தால் போதும் என்று முடித்துவிடலாம். விசுவாசத்தை உபதேசம் செய்து கூலியைப் பாக்கி வைப்பவர்களுக்கு இதைவிட வசதியான சரித்திரம் வேறில்லை.

மருதநாயகத்தை நாளைக்கு யார் படமாக எடுத்தாலும் எடுக்கட்டும். சீனிவாசராவையும் மர்ச்சாண்டையும் காட்டட்டும். அதற்கு முன்னால் கோட்டையில் நின்ற சிப்பாய்க்கு அந்த மாதச் சம்பளம் யார் கொடுத்தார் என்பதைக் காட்ட வேண்டும். அதைக் காட்டாத படம் எத்தனை கோடியில் எடுக்கப்பட்டாலும் நவாபு தரப்பு வாக்குமூலம்தான்.