பளபளப்புக்குக் கட்டும் தவணை

"முதல் வண்டி, புதுசாவே எடுத்துடலாம்." தமிழ்நாட்டு வீடுகளில் இந்த வாக்கியத்துக்கு மறுபேச்சு கிடையாது. பையன் கல்லூரியில் சேர்ந்திருப்பான், அல்லது பெண்ணுக்கு வேலை கிடைத்திருக்கும். அப்பா சொல்வார், சித்தப்பா ஆமாம் போடுவார், பக்கத்து வீட்டுக்காரர் தனக்குத் தெரிந்த ஷோரூம் ஆளின் நம்பரைத் தருவார். யாராவது செகண்ட் ஹேண்ட் என்று வாயெடுத்தால், "அடுத்தவன் தலைவலியை எதுக்குக் காசு குடுத்து வாங்கணும்?" என்ற ஒரே கேள்வியில் பேச்சு முடிந்துவிடும். இந்த நம்பிக்கை தவறானது. வீட்டுச் சேமிப்பையும் தின்று, ஓட்டிப் பழகும் பிள்ளையின் பாதுகாப்பையும் குறைக்கிற தவறு இது. பாசத்தின் பேரால் செய்யப்படுவதால் யாரும் இதைக் கேள்வி கேட்பதில்லை.

முதல் வண்டி, பழகும் வண்டி. லைசென்ஸ் கைக்கு வந்துவிட்டால் பழகி முடித்தாயிற்று என்று நினைக்கிறோம். ஆர்.டி.ஓ. மைதானத்தில் காலை ஊன்றாமல் எட்டுப் போடுவது வேறு. மாலை ஆறு மணிக்குக் கோயம்பேட்டிலிருந்து வடபழனிக்கு, மாநகரப் பேருந்துக்கும் ஷேர் ஆட்டோவுக்கும் இடையில் ஓட்டிப் போவது வேறு. அந்தப் பாடத்தைச் சாலைதான் சொல்லித்தருகிறது, அதற்குக் கட்டணமும் வாங்குகிறது. முதல் சில மாதங்களில் வண்டி கீழே விழும். ஓட்டும்போது விழாவிட்டாலும், மணல் கிடக்கும் இடத்தில் வளைத்துத் திருப்பும்போது, சரிவில் சைடு ஸ்டாண்டு போட்டுவிட்டுத் திரும்பும்போது விழும். கிளட்ச் லீவர் வளையும், இண்டிகேட்டர் உடையும், டேங்க் ஒடுங்கும். பாலத்து ஏற்றத்தில் நெரிசலில் நிற்கும்போது பிரேக்கை மிதிக்காமல் பாதி கிளட்ச்சிலேயே வண்டியை நிறுத்திப் பிடிப்பது பழகுபவர்கள் எல்லோரும் செய்வது. அது கிளட்ச் பிளேட்டைத் தின்றுவிடும். ஏற்கெனவே நாலு கீறல் விழுந்த வண்டியில் இவையெல்லாம் மெக்கானிக் கடையில் ஒரு மதியத்து வேலை. புது வண்டியில் ஒவ்வொன்றும் வீட்டில் ஒரு சண்டை. புது வண்டியோடு விழுந்த பிள்ளை எழுந்ததும் முதலில் தடவிப் பார்ப்பது தன் முழங்காலை அல்ல, டேங்கை. வண்டிக்காகப் பயந்து ஓட்டுகிறவருக்குச் சாலையைக் கவனிக்க மனம் மிச்சமிருக்காது.

இன்னொன்றையும் சேர்த்து யோசிக்க வேண்டும். தனக்கு எந்த வண்டி ஏற்றது என்பது முதல்முறை வாங்குபவருக்குத் தெரியவே தெரியாது. சீட்டின் உயரம் காலுக்கு எட்டுமா, 140 கிலோ வண்டியைச் சந்துக்குள் பின்னுக்குத் தள்ள முடியுமா, குனிந்து பிடிக்கும் ஹேண்டில்பார் தினமும் முப்பது கிலோமீட்டருக்கு ஒத்துவருமா, பின்னால் அம்மா உட்கார வசதியா என்பதெல்லாம் மாதக்கணக்கில் ஓட்டினால்தான் புரியும். ஷோரூமைச் சுற்றி ஒரு நடை ஓட்டிப் பார்ப்பதில் எதுவும் தெரியாது. இது தெரிவதற்கு முன்பே மூன்று வருடத் தவணையில் கையெழுத்துப் போட வைக்கிறோம்.

தவணைக் கணக்கைப் பாருங்கள். ஒரு லட்சம் ரூபாய் கடன், மூன்று வருடம், ஃபிளாட் வட்டி 12 சதவீதம் என்று வைத்துக்கொள்வோம். வட்டி மட்டும் 36,000 ரூபாய். மாதத் தவணை 3,778 ரூபாய். காதுக்கு இதமாகத்தான் இருக்கிறது. ஆனால் மாதாமாதம் அசல் குறைந்துகொண்டே வந்தாலும், ஃபிளாட் கணக்கில் முழு ஒரு லட்சத்துக்கும் கடைசி மாதம் வரை வட்டி கட்டுகிறோம். குறையும் அசலுக்குக் கணக்குப் போட்டால் உண்மையான வட்டி ஆண்டுக்கு 21 சதவீதத்தைத் தாண்டுகிறது. நகைக்கடன் வட்டி அரை சதவீதம் கூடினால் வங்கி மேலாளரிடம் சண்டை போடும் குடும்பம், இங்கே ஒரு கேள்வியும் கேட்காமல் கையெழுத்துப் போடுகிறது.

இதே மூன்று வருடத்தில் வண்டியின் மதிப்பு என்ன ஆகிறது? வாகனக் காப்பீட்டின் தேய்மானக் கணக்குப்படி முதல் ஆறு மாதத்துக்குள் 5 சதவீதம், ஓராண்டுக்குள் 15, அதன்பின் ஆண்டுக்கு ஆண்டு மொத்தக் கழிவு 20, 30, 40 என்று ஏறுகிறது. சந்தை விலை அப்படியே இதைப் பின்பற்றுவதில்லை. ஸ்ப்ளெண்டர், ஷைன் போன்ற வண்டிகளுக்கு நல்ல கிராக்கி உண்டு. ஆனால் காப்பீட்டுக் கணக்கு எடுத்துக்கொள்வது வண்டியின் விலையை மட்டும்தான். ஆன்ரோடு விலையில் பதிவுக் கட்டணம், காப்பீடு, ஆயுள் வரி எல்லாம் மேலே ஏறி உட்கார்ந்திருக்கின்றன. 2023 நவம்பரிலிருந்து தமிழ்நாட்டில் ஆயுள் வரி மட்டும் ஒரு லட்சம் ரூபாய் வரையிலான வண்டிக்கு 10 சதவீதம், அதற்கு மேல் 12 சதவீதம். இதை முதல் உரிமையாளர் ஒருமுறை கட்டிவிட்டால், மாநிலத்துக்குள் வாங்கும் இரண்டாமவர் மீண்டும் கட்ட வேண்டியதில்லை. 2018 செப்டம்பருக்குப் பிறகு விற்ற புது வண்டிகளுக்கு ஐந்து வருட மூன்றாம் நபர் காப்பீடு கட்டாயம் என்பதால், மூன்று வயது வண்டியில் அதுவும் மிச்சமிருக்கும். 2025 செப்டம்பர் 22 முதல் 350 சி.சி. வரையிலான வண்டிகளுக்கு ஜி.எஸ்.டி. 28-லிருந்து 18 சதவீதமாகக் குறைந்ததைச் சொல்லி, இனிமேல் பழையது எதற்கு என்கிறார்கள். புதிதின் விலை இறங்கினால் பழையதன் விலையும் கூடவே இறங்கும். கார் வாங்கிய எவரும் இதை அறிவார்.

புது வண்டிதான் பாதுகாப்பு என்பது அடுத்த வாதம். இதைத்தான் என்னால் பொறுத்துக்கொள்ளவே முடியவில்லை. 2019 ஏப்ரல் முதல் 125 சி.சி.க்கு மேற்பட்ட வண்டிகளுக்கு ஏ.பி.எஸ். கட்டாயம் ஆனது. அதற்குக் கீழே இருப்பவற்றுக்கு சி.பி.எஸ். இருந்தால் போதும் என்று விட்டார்கள். திடீரென நாய் குறுக்கே ஓடும்போது பழகாத கை முன் பிரேக்கை இறுக்கிப் பிடிக்கும். சக்கரம் பூட்டிக்கொண்டு வழுக்காமல் காப்பது ஏ.பி.எஸ்.தான். சி.பி.எஸ். இரண்டு சக்கரத்துக்கும் பிரேக்கைப் பகிர்ந்து கொடுக்கும், பூட்டிக்கொள்வதைத் தடுக்காது. ஆக, ஒரு புது 100 சி.சி. வண்டிக்குக் கொடுக்கும் பணத்துக்குள், 2020-க்குப் பிந்தைய யூனிகார்னோ எஃப்.இசட்.டோ பழையதாகத் தேடி எடுக்கலாம். அடக்கமான இன்ஜின், பி.எஸ்.6, முன் சக்கரத்துக்கு ஏ.பி.எஸ். இந்த இரண்டில் எது பிள்ளைக்குப் பாதுகாப்பு? ஷோரூமில் ஒட்டிய ஸ்டிக்கரா, முன் சக்கரத்தில் இருக்கும் சென்சாரா?

பாதுகாப்பின் பெரும்பகுதி வண்டியில் இல்லை, ஓட்டுபவரின் உடம்பின் மேல் இருக்கிறது. 2022-ல் இந்தியச் சாலைகளில் இறந்தவர்கள் 1,68,491 பேர். அவர்களில் 44.5 சதவீதம் இருசக்கர வாகனத்தில் சென்றவர்கள். ஹெல்மெட் இல்லாமல் இறந்தவர்கள் 50,029 பேர். புது வண்டி வாங்கும் குடும்பங்களில் பணம் எங்கே தட்டுப்படுகிறது என்று கவனித்துப் பாருங்கள். ஆன்ரோடு விலைக்கு மூச்சைப் பிடித்துப் பணம் புரட்டி, கிராஷ் கார்டு, சீட் கவர், மாலை, பூசணிக்காய் எல்லாம் முடிந்தபின் ஹெல்மெட் என்று வரும்போது "இப்போதைக்கு இது போதும்" என்ற குரல் கேட்கும். தலைக்குச் சரியான அளவில் ஐ.எஸ்.ஐ. முத்திரையுள்ள நல்ல ஹெல்மெட், விரல் முட்டியைக் காக்கும் கையுறை, கணுக்காலை மூடும் ஷூ, மழைக் கோட்டு, ஓட்டிப் பழக நல்ல பயிற்சி, தன் பெயரில் 15 லட்சம் ரூபாய் தனிநபர் விபத்துக் காப்பீடு ஆகிய எல்லாவற்றுக்கும் பழைய வண்டி எடுப்பவர் கையில் பணம் இருக்கும். புது வண்டி எடுத்தவர் கையில் தவணைப் புத்தகம் இருக்கும்.

இப்போது அந்த "அடுத்தவன் தலைவலி"க்கு வருவோம், ஏனென்றால் அதில் மட்டும் ஓர் உண்மை இருக்கிறது. நல்ல வண்டியை யார் விற்பான் என்று கேட்கிறார்கள். வெளிநாட்டு வேலை கிடைத்தவர் விற்பார். குழந்தை பிறந்து கார் வாங்கியவர் விற்பார். மனைவியும் ஓட்ட வேண்டும் என்று ஸ்கூட்டருக்கு மாறியவர் விற்பார். கைநீட்டி டியூக் வாங்கப் போகும் இளைஞர் தன் 125-ஐ விற்பார். வண்டியில் கோளாறு என்பதால் மட்டுமே எல்லோரும் விற்பதில்லை. ஆனால் பழைய வண்டி வாங்கியவர்கள் பட்ட அவஸ்தைகளைக் கிளறிப் பார்த்தால், பெரும்பாலும் அதன் வேர் இன்ஜினில் இருக்காது, காகிதத்தில் இருக்கும். பெயர் மாற்றாமல் வண்டியை ஓட்டும் நம் ஊர்ப் பழக்கம்தான் அந்த வேர். விற்பவர் பெயர் மாற்றத்துக்கான படிவம் 29, 30-ஐ நிரப்பாமலே கையெழுத்துப் போட்டுக் கொடுத்துவிடுவார். பழைய வண்டி விற்கும் கன்சல்டிங்காரர் அதை டிராயரில் வைத்துக்கொண்டு இன்னொருவருக்கு விற்பார், அவர் மூன்றாமவருக்கு. ஆர்.சி.யில் இன்னும் முதல் ஆளின் பெயர். இப்படிக் கைமாறிக் கைமாறிப் போன ஒரு வண்டி மோதிய விபத்தில், பதிவேட்டில் யார் பெயர் இருக்கிறதோ அவர்தான் உரிமையாளர், இழப்பீட்டுப் பொறுப்பும் அவருடையதே என்று 2018 பிப்ரவரியில் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. கண்டிக்க வேண்டியது இந்தச் சோம்பேறித்தனத்தை. அதன் பழியைத் தூக்கிப் பழைய வண்டிகளின் மேல் போடுகிறோம்.

சட்டம் தெளிவாக இருக்கிறது. ஒரே மாநிலத்துக்குள் விற்றால் விற்பவர் 14 நாளுக்குள், வாங்குபவர் 30 நாளுக்குள் பதிவு அலுவலகத்துக்குத் தெரிவிக்க வேண்டும். வண்டி கடனில் எடுத்ததாக இருந்தால் ஆர்.சி.யில் ஃபைனான்ஸ் நிறுவனத்தின் பெயர் இருக்கும். அவர்களுடைய தடையில்லாச் சான்றும், கடன் தீர்ந்ததைப் பதிவுசெய்யும் படிவம் 35-ம் இல்லாமல் ஒரு ரூபாய்கூட முன்பணம் கொடுக்கக் கூடாது. பதிவு, காப்பீடு, கடன் விவரங்களை அரசின் பரிவாகன் தளத்தில் நாமே பார்க்கலாம். போலீஸ் போட்ட சலான் பாக்கி உண்டா என்பதும் அங்கேயே தெரியும். காப்பீட்டுப் பாலிசியையும் 14 நாளுக்குள் நம் பெயருக்கு மாற்றிவிட வேண்டும். மூன்றாம் நபருக்கான காப்பு தானாகவே நம்மோடு வந்துவிடும், நம் வண்டியின் சேதத்துக்கான காப்பு அப்படி வராது. புதுச்சேரி, கர்நாடகப் பதிவு வண்டி விலை மலிவாக வந்தால் முதல்முறை வாங்குபவர்கள் தொடவே வேண்டாம்; மறுபதிவு, மீண்டும் வரி என்று அலைச்சல் நீளும்.

வண்டியைப் பார்ப்பதும் பெரிய வித்தை இல்லை. நம்பும் மெக்கானிக் ஒருவருக்கு அரைநாள் கூலி கொடுத்துக் கூட்டிப்போக வேண்டும். நாங்கள் வரும்வரை ஸ்டார்ட் செய்ய வேண்டாம் என்று விற்பவரிடம் சொல்லிவிட வேண்டும். நோயுள்ள இன்ஜின் குளிர்ந்திருக்கும்போதுதான் தன்னைக் காட்டிக்கொடுக்கும். சைலன்சரில் நீலம் கலந்த புகை வந்தால் ஆயில் எரிகிறது, இன்ஜினைப் பிரிக்க வேண்டிவரும். ஹேண்டில்பாரை இரு பக்கமும் மெல்லத் திருப்பும்போது நடுவில் சிக்கினால் கோன் செட் போய்விட்டது. அது சின்னச் செலவு. ஆனால் ஃபோர்க் வளைந்திருந்தாலோ, சேஸிஸில் வெல்டிங் வைத்திருந்தாலோ அந்த இடத்திலிருந்து திரும்பிவிடலாம். மீட்டரில் 12,000 கிலோமீட்டர் காட்டும் வண்டியில் ஃபுட்ரெஸ்ட் ரப்பர் மொழுமொழுவென்று தேய்ந்திருந்தால் அந்த எண்ணை நம்பக் கூடாது. டயரின் ஓரத்தில் நான்கு இலக்கம் இருக்கும். 2219 என்றால் 2019-ன் 22-ஆவது வாரத்தில் செய்தது. சென்னை, தூத்துக்குடி வண்டி என்றால் சீட்டைக் கழற்றி அடியில் துரு ஏறியிருக்கிறதா, ஹெட்லைட்டுக்குள் சேறு படிந்திருக்கிறதா என்று பாருங்கள். 2015-லும் 2023-லும் வந்த வெள்ளங்களில் மூழ்கிய வண்டிகள் நிறைய. ஆர்.சி.யில் உள்ள இன்ஜின், சேஸிஸ் எண்களை வண்டியில் பொறித்திருப்பதோடு ஒவ்வோர் எழுத்தாக ஒப்பிடுங்கள்.

மைலேஜ், ராசி, சொந்தக்காரர்கள் என்ன நினைப்பார்கள் என்ற மூன்றுக்கும் நீண்ட பதில் தேவையில்லை. ஒழுங்காகப் பராமரித்த மூன்று வயது வண்டி பெட்ரோலில் கொண்டுவரும் கூடுதல் செலவு, மாதம் 3,778 ரூபாயின் பக்கத்தில்கூட வராது.

எல்லோருக்கும் பழைய வண்டிதான் என்று நான் சொல்லவில்லை. வண்டி ஒருநாள் நின்றால் அன்றைய அடுப்பு எரியாது என்ற நிலையில் உணவு டெலிவரி செய்பவர், அக்கம்பக்கத்தில் ஒரு மெக்கானிக்கூட இல்லாத ஊரில் இருப்பவர், பல வருடம் அண்ணன் வண்டியை ஓட்டிப் பழகி, கையில் முழுப் பணத்தோடு போகிறவர் ஆகியோர் தாராளமாகப் புதிது எடுக்கட்டும். பத்தொன்பது வயதில் லைசென்ஸ் எடுத்த பிள்ளைக்குக் கடனில் புது வண்டி வாங்கித்தருவதை மட்டும் நிறுத்துங்கள் என்கிறேன்.

அந்தப் பிள்ளை இரண்டு வருடம் கழித்துப் புது வண்டி எடுக்கப் போகும்போது எதைக் கேட்க வேண்டும் என்று தெரிந்திருக்கும், கையில் முன்பணமும் சேர்ந்திருக்கும். பழைய வண்டி வாங்கிய விலைக்குப் பெரிய நட்டமில்லாமல் போகும். அதை விற்கும்போது படிவம் 29-ல் வாங்குபவரின் பெயரை நிரப்பிய பிறகே கையெழுத்துப் போடச் சொல்லுங்கள். பெயர் மாறிய ஆர்.சி.யின் நகலைக் கேட்டு வாங்கி வைக்கச் சொல்லுங்கள். வாங்க வந்திருப்பவரும் முதல் வண்டி தேடுகிற ஒருவராக இருக்கலாம்.