தாமஸ் ஸ்ட்ரேஞ்ச்: ஹாலிஃபாக்ஸ் முதல் சென்னை வரை

புகழ்பெற்ற செதுக்கோவியர் ராபர்ட் ஸ்ட்ரேஞ்சின் மகன் தாமஸ் ஸ்ட்ரேஞ்ச் (1756–1841), ஹாலிஃபாக்ஸைத் தலைநகராகக் கொண்ட கனடாவின் நோவா ஸ்கோஷியாவில் தலைமை நீதிபதியாக இருந்தவர். அடிமைகள் மீது உரிமை கோரியவர்களிடம் கறாரான ஆதாரம் கேட்டு, அங்கே அடிமைமுறையை மெல்ல நலியச் செய்தார். 1798இல் சென்னையின் ரெக்கார்டர் நீதிமன்றத்துக்கு நியமிக்கப்பட்டார். 1801இல் அது உச்ச நீதிமன்றமானபோது முதல் தலைமை நீதிபதியானார்.

ஓய்வுக்குப்பின் லண்டனில் 1825இல் அவர் வெளியிட்ட இந்துச் சட்ட நூல்தான் அவரது பெயரை நிலைநிறுத்தியது. தத்தெடுப்பு, பாகப்பிரிவினை, சீதனம் ஆகியவற்றில் பண்டிதர்களின் கருத்துகளையும், கோல்புரூக், எல்லிஸ் ஆகிய ஆங்கிலேய அறிஞர்களின் குறிப்புகளையும் அதில் திரட்டினார். உழைப்பு பெரிது, அடித்தளம்தான் ஆட்டம் கண்டது. சமஸ்கிருத நூல்களை அறியாத, குல வழக்கப்படியே சொத்தைப் பங்கிட்டுவந்த தமிழ்நாட்டுக் குடும்பங்களுக்கும் சாஸ்திரமே சட்டமெனக் கொள்ள நீதிமன்றங்கள் பழகின. மதுரை வரலாறு எழுதிய ஜே. எச். நெல்சன் 1877இல் சென்னை உயர் நீதிமன்றத்தின் இந்தப் போக்கைக் கடுமையாகச் சாடினார். அவரும் அதே அரசின்கீழ் பணிபுரிந்த ஆங்கிலேயர் என்பதால் அந்தக் கண்டனத்தைக் காழ்ப்பென்று தள்ளிவிட முடியாது.