ஓடும் சோம்பல்

நேரத்தைத் திறம்படப் பயன்படுத்துவது எப்படி என்ற ஒருநாள் பயிற்சி சென்ற மாதம் எங்கள் பங்கு மன்றத்தில் நடைபெற்றது. பயிற்சியாளர் நாவன்மை மிக்கவர். நாளின் 24 மணி நேரத்தையும் கால்மணி நேரக் கட்டங்களாகப் பிரித்துக் காட்டி, வீணாகும் நிமிடங்களை மீட்கும் வழிகளை விளக்கினார். நண்பகலில் கோவில் மணி அடித்தது. மூவேளைச் செபத்திற்கு எழுந்து நின்றவர்கள் பின்வரிசையில் இருந்த மூன்று பாட்டிமார் மட்டுமே. பயிற்சியாளரோ குரலை உயர்த்தி, மணியோசைக்கு மேல் பேசினார். அவரை நான் கடிந்துகொள்ள இயலாது. தலைமை தாங்கிய நானும் நாற்காலியை விட்டு எழவில்லை.

நமக்கு நேரம் போதவில்லை என்று அப்பயிற்சியும் நாமும் ஒருமித்து நம்புகிறோம். அந்த நம்பிக்கையையே நான் மறுக்கிறேன். நம்மிடம் இல்லாதது நேரமன்று, கவனம்.

தலையான பாவங்கள் ஏழு என்று ஞானோபதேச வகுப்பில் ஒப்பித்தோம். கடைசியாக வரும் சோம்பல் என்ற சொல்லைக் கேட்டதும், பாயை விட்டு எழாத ஒருவனே நம் மனக்கண்ணில் தோன்றினான். எனவே ஓடியாடித் திரிபவன் அப்பாவத்திற்கு அப்பாற்பட்டவன் என்று முடிவு கட்டிக்கொண்டோம். பாலைவனத் துறவியர் கண்டது வேறு. எகிப்தில் வாழ்ந்து 399-இல் மறைந்த எவாகிரியுஸ் இதனை அக்கேதியா என்ற கிரேக்கச் சொல்லால் குறித்தார். நண்பகல் பேய் என்றும் அழைத்தார். அதன் பிடியில் சிக்கிய துறவி பொழுது நகரவில்லையே என்று கதிரவனைப் பார்க்கிறான். யாரேனும் வருகிறார்களா என்று சுற்றுமுற்றும் நோக்குகிறான். நூலை எடுத்தால் எஞ்சியுள்ள பக்கங்களை எண்ணுகிறான். நோயுற்றோரைச் சந்திக்கப் போகலாமே என்றுகூட அவனுக்குத் தோன்றுகிறது. அது அன்பினால் எழுந்த எண்ணம் அன்று. தன் அறையில் தரித்திருக்க முடியாமையால் எழுந்தது.

புனித தாமஸ் அக்குவினாஸ் இன்னும் ஒரு படி மேலே செல்கிறார். அலைபாயும் மனத்தை இப்பாவத்தின் பிள்ளையாகக் கருதி, வீண் ஆவல், ஓயாப் பேச்சு, உடலை ஓரிடத்தில் இருத்த முடியாமை ஆகியவற்றை அதன் அடையாளங்களாக எண்ணுகிறார். 13-ஆம் நூற்றாண்டில் கைப்பேசி இல்லை என்பதை வாசகர்கள் நினைவில் கொள்க! சோம்பல் எந்தக் கட்டளைக்கு எதிரானது என்ற கேள்விக்கு அவர் தரும் விடை, ஓய்வுநாளைத் தூயதாகக் கடைப்பிடிக்கும் கட்டளைக்கு என்பது. இறைவனில் இளைப்பாற மறுக்கும் மனம், கால்கள் எவ்வளவு ஓடினாலும் சோம்பலில் கிடக்கிறது.

குடும்பமில்லாத சாமியாருக்கு இது எளிது என்பீர்கள். அதில் நியாயம் உண்டு. விடியுமுன் எழுந்து, தண்ணீர் பிடித்து, சமைத்து வைத்துவிட்டு வேலைக்கு ஓடும் தாயிடம் இவ்வழக்கை நான் தொடுக்கவில்லை. அவளுக்கு உண்மையிலேயே நேரமில்லை. வீட்டிலுள்ள மற்றவர்கள் கை கொடுத்தால் கிடைக்கும். மறையுரையின்போது மடியில் மின்னும் திரையைத் தடவிக்கொண்டிருந்துவிட்டு, செபிக்க நேரமில்லை சாமி என்போரிடமே பேசுகிறேன்.

எங்களிடமும் பேசுகிறேன். பங்கின் ஆண்டறிக்கையைப் புரட்டிப் பாருங்கள்: கூட்டங்கள் இத்தனை, நவநாள்கள் இத்தனை, விழாக்கள் இத்தனை. எண்ண முடிந்தவற்றை எல்லாம் எண்ணி வைத்திருக்கிறோம். மார்த்தாவைப் பற்றி மறையுரை ஆற்றி ஆற்றியே நாங்கள் மார்த்தாக்கள் ஆகிவிட்டோம்.

சில ஆண்டுகளுக்கு முன் ஒரு முதியவருக்கு நற்கருணை கொண்டு சென்றேன். பெற்றுக்கொண்ட பின் அவர் ஏதோ சொல்லத் தொடங்கினார்; தம் தம்பியைப் பற்றி, பழைய நிலத் தகராறு ஒன்றைப் பற்றி. திருவிழாக் குழுவிலிருந்து அழைப்பு வந்தது. அங்கிப் பையிலிருந்த கைப்பேசியை எடுத்து, ஒருமுறை பார்த்தேன், அவ்வளவுதான். அவர் பேச்சை நிறுத்திக்கொண்டார். “நீங்க போங்க சாமி, உங்களுக்கு வேலை இருக்கும்” என்றார். நானும் எழுந்து போனேன். நான்காம் நாள் அடக்கப் பூசை. தம்பி கல்லறை வாயிலோடு நின்றுவிட்டார். அந்த முதியவர் சொல்ல வந்தது என்ன என்று அவரிடம் கூற என்னிடம் ஒன்றுமில்லை.

புனித பெனடிக்ட் 6-ஆம் நூற்றாண்டில் வகுத்த ஒழுங்கில், செப வேளைக்கான அழைப்பு கேட்டதும் துறவி கையிலிருப்பதை அப்படியே விட்டுவிட்டு விரைய வேண்டும். வேலையை முடித்துவிட்டு வருகிறேன் என்பதற்கு அங்கே இடமில்லை. இத்தனைக்கும், உடலுழைப்பை அன்றாடக் கடமையாக விதித்ததும் அதே ஒழுங்குதான். அவர்கள் வயலைத் திருத்தினார்கள், நூல்களைப் படியெடுத்தார்கள். பாதியில் விட்ட வேலை மறுநாள் அங்கேயே காத்திருந்தது.

பயிற்சியின் இரண்டாம் பகுதிக்கு மன்றத்தைக் கேட்டுக் கடிதம் வந்திருக்கிறது. தருவதற்குத் தடையில்லை, ஆனால் நண்பகல் மணி அடிக்கும்போது பேச்சு நிற்க வேண்டும் என்று பதில் எழுதியிருக்கிறேன். இரண்டு வாரங்கள் ஆகின்றன, மறுமொழி வரவில்லை.