கடன் கொப்பியும் கைத்தொலைபேசியும்

யாழ்ப்பாணக் குடாநாட்டின் ஒழுங்கை முகப்புகளிலும் சந்திகளிலும் நிற்கும் சிறு கடைகளுக்குச் சோதனை புதியதன்று. தென்னிலங்கைப் பட்டினங்களில் சுருட்டுக் கடை நடத்திய நம்மவர்கள் 1958, 1977, 1983 ஆகிய ஆண்டுகளின் வன்செயல்களில் கடையையும் முதலையும் இழந்து ஊர் திரும்பினர். 1981இல் யாழ்ப்பாண நூலகம் எரிக்கப்பட்ட நாள்களில் நகரத்துக் கடைகளும் எரிக்கப்பட்டன. 1990இன் பின் வந்த பொருளாதாரத் தடையிலே சவர்க்காரமும் மண்ணெண்ணெயும் மின்கலமும் கிடைத்தற்கரிய பொருள்களாயின. அப்போதும் கடைகள் திறந்தே இருந்தன. தீக்கும் தடைக்கும் தாக்குப்பிடித்த அதே கடைகள், இன்று எவரும் கல்லெறியாமலே, சத்தமின்றிச் சரிந்து வருகின்றன.

காரணம் யாவரும் அறிந்ததே. போர் முடிந்தபின் பல்பொருள் அங்காடிகள் நகரங்களுக்கு வந்தன. அவற்றின் பின்னே இணைய வணிகம் வந்தது. கைத்தொலைபேசியிலே பொருளைத் தெரிவுசெய்து, படலையிலே பெற்றுக்கொள்ளும் வசதி இன்று கிராமத்திற்கும் எட்டிவிட்டது.

"காலம் மாறினால் வணிகமும் மாறும், மாட்டுவண்டி போயிற்றே என்று எவரும் அழுகின்றனரா?" என்று சிலர் கேட்கின்றனர். கேள்வி நியாயமானதே. புதிய வணிகத்தால் நன்மை இல்லை என்று நாம் சொல்லமாட்டோம். நீரிறைக்கும் இயந்திரத்தின் சிறு உதிரிப்பாகத்திற்காகக் கொழும்புக்குப் பயணம் செய்த கமக்காரன் இன்று வீட்டிலிருந்தே அதனை எடுப்பிக்கின்றான். நடக்கமாட்டாத முதியவரின் கைக்கே பொருள் வந்துசேர்கின்றது. போட்டியில்லாத காலத்தில் சில கடைக்காரர் கேட்டதே விலையென்று இருந்ததையும், தவணை கடந்த பண்டத்தைத் தள்ளிவிட்டதையும் நாம் மறக்கவில்லை. ஆகவே பழமையின்மேலுள்ள பாசத்தினால் நாம் இதனை எழுதவில்லை. நாம் எழுப்பும் வினா வேறு. கிராமக் கடை பண்டம் விற்றதோடு வேறு என்னென்ன பணிகளைச் செய்து வந்தது? அது மூடப்பட்டபின் அப் பணிகளைச் செய்யப்போவது யார்?

முதலாவது பணி கடன். கடைக்காரரின் மேசையிலே ஒரு கொப்பி கிடக்கும். அரிசியும் மாவும் சீனியும் அதில் எழுதப்படும். வட்டி இல்லை, பிணை இல்லை, விண்ணப்பப் படிவமும் இல்லை. வெங்காயம் கிண்டியபின், புகையிலை விற்றபின், கூலி கைக்கு வந்தபின் கணக்குத் தீர்க்கப்படும். தீராத கணக்கும் உண்டு. அதையும் கடைக்காரர் ஓரளவு தாங்கிக்கொள்வார்.

எதைக் கொண்டு தாங்கினார்? இதனை எண்ணிப் பார்ப்போர் சிலரே. மாதச் சம்பளம் பெறும் ஆசிரியர், எழுதுவினைஞர், வைத்தியர், பொறியியலாளர், வெளிநாட்டிலிருந்து பணம் வரும் குடும்பத்தினர் ஆகியோர் கொடுத்த கைக்காசே கடையின் சுழற்சி முதல். அக் காசினாலேதான் தீர்ந்த சரக்கு மறுபடி வாங்கப்பட்டது. அக் காசினாலேதான் ஏழையின் கணக்கு அறுவடைவரை பொறுத்திருந்தது. இன்று கைக்காசுக்காரர் அங்காடிக்கும் இணையத்திற்கும் போய்விட்டனர். கடைக்கு எஞ்சியிருப்பது கடன் கொப்பி மட்டுமே. கைக்காசு வராமல் கடன் மட்டும் வளரும் கடை எத்தனை மாதம் நிற்கும்?

அது விழும்போது கொப்பியில் பெயருள்ளவர் எங்கே போவார்? இணையக் கடை அவருக்கு அறுவடைவரை தவணை கொடுக்கப்போவதில்லை. அவரது வாசலுக்கு வருவது நுண்கடன் நிறுவனமே. அதன் வட்டி எத்தனை குடும்பங்களை நிலைகுலைத்தது என்பதை வடக்கும் கிழக்கும் நன்கறியும். 2018ஆம் ஆண்டில், வரட்சியால் பாதிக்கப்பட்ட மாவட்டங்களிலே பெண்கள் பெற்ற ஒரு இலட்சம் ரூபா வரையிலான நுண்கடன்களைத் தள்ளுபடி செய்ய அரசாங்கமே முன்வர நேர்ந்தது. கொப்பிக் கடனுக்காக எந்த அரசாங்கமும் இவ்வாறு தலையிட நேர்ந்ததில்லை.

இரண்டாவது பணி கொள்வனவு. வளவிலே காய்த்த முருங்கைக்காய்க் கட்டு, ஒரு வாழைக்குலை, பத்து முட்டை, பனங்கட்டிக் குட்டான் ஆகியவற்றைச் சந்தைவரை கொண்டுபோக முடியாதவரிடமிருந்து வாங்கி விற்றது இக் கடையே. நாடெங்கும் பண்டம் அனுப்பும் பெருநிறுவனத்திற்குப் பத்து முட்டை ஒரு பொருட்டன்று. மலிவான பண்டம் வாங்குவோனுக்கு நன்மை என்பது உண்மைதான். ஆனால் வாங்குவோனின் வருமானமும் அம் மலிவினால் குறையுமாயின் இலாபம் யாருக்கு? இறக்குமதித் தடையின்போது மிளகாயாலும் வெங்காயத்தாலும் தலைநிமிர்ந்த நமது கமக்காரர், 1977இல் சந்தை திறந்துவிடப்பட்டபின் பட்ட பாடு அவர்களுக்கு மறந்திராது.

இனி, போட்டி சமமான போட்டிதானா என்று பார்ப்போம். அமெரிக்காவின் அமேசன் நிறுவனம் 1995இல் புத்தகம் விற்கத் தொடங்கியது. ஓர் ஆண்டு முழுவதற்குமாக அது முதன்முதலில் இலாபம் கண்டது 2003இல். இடைப்பட்ட ஆண்டுகளின் நட்டத்தை முதலீட்டாளர்களின் பணம் தாங்கியது. நமது ஊர்க் கடைக்காரர் எட்டு மாதம் நட்டப்பட்டால் பூட்டு வாங்கவும் காசிராது. இலங்கையிலும் வியாபாரம் செய்யும் டராஸ் நிறுவனம் 2018இல் சீனத்தின் அலிபாபாவுக்கு உடைமையாயிற்று. ஒழுங்கை முகப்புக் கடை இன்று போட்டியிடுவது பக்கத்துக் கடையோடன்று, உலகத்தின் பெருமுதலோடு!

பிற நாடுகள் இதனைக் கண்டு வாளாவிருக்கவில்லை. பிரான்சு தேசம் சிறு புத்தகக் கடைகளைக் காப்பதற்காக, விலைக்கழிவோடு இலவச விநியோகத்தையும் சேர்த்து வழங்குவதை 2014இல் தடுத்தது. அமேசனோ விநியோகக் கட்டணம் ஒரு சதம் என்று அறிவித்துச் சட்டத்தைத் தாண்டிற்று. அத் தேசம் சளைக்கவில்லை. 2021இல் மீண்டும் சட்டமியற்றி, 35 யூரோவுக்குக் குறைந்த புத்தகக் கட்டளைக்கு 3 யூரோ விநியோகக் கட்டணத்தை 2023 ஒக்டோபர் முதல் கட்டாயமாக்கியது. இந்தியாவோ, அந்நிய முதலீடு பெற்ற இணையச் சந்தைகள் தமக்குப் பங்குள்ள நிறுவனங்களின் பொருள்களைத் தம் தளத்திலே விற்பதை 2019 பெப்ரவரி முதல் தடைசெய்தது.

நமது நாட்டிலே 2003ஆம் ஆண்டின் பாவனையாளர் அலுவல்கள் அதிகாரசபைச் சட்டம் உண்டு. 2006ஆம் ஆண்டின் மின்னணுக் கொடுக்கல் வாங்கல் சட்டமும் உண்டு. எனினும், நிறுவனங்கள் ஒன்றையொன்று விழுங்குவதை ஆராய 1987ஆம் ஆண்டுச் சட்டம் அளித்திருந்த அதிகாரம், 2003இல் வந்த சட்டத்தில் இடம்பெறவில்லை. போட்டியைக் காக்கும் முழுமையான சட்டம் வேண்டும். இணையத்தில் விற்போர் அனைவரும் கடைக்காரரைப் போலவே வரிக் கணக்குக்கு உட்படவேண்டும். விற்பவரின் பெயரும் முகவரியும், பொருளைத் திருப்பிக் கொடுக்கும் நிபந்தனையும் தமிழிலும் இருக்கவேண்டும். 1987ஆம் ஆண்டின் அரசியலமைப்புத் திருத்தத்தினால் ஆட்சிமொழியென ஏற்கப்பட்ட நம் மொழி, நாம் காசு கொடுக்கும் இடத்திலே இல்லாதிருப்பது முறையாகாது.

ஆனால் சட்டம் வரும்வரை நாம் கைகட்டியிருக்கலாமா? 1844இல் இங்கிலாந்தின் றொச்டேல் என்னும் ஊரிலே 28 பேர் சிறுசிறு தொகை சேர்த்து ஒரு கடை திறந்தனர். இன்றைய கூட்டுறவு இயக்கத்திற்கு அதுவே வழிகாட்டிற்று. 1957இல் அமைச்சர் பிலிப் குணவர்தன பலநோக்குக் கூட்டுறவுச் சங்கங்களை இந் நாட்டில் உருவாக்கினார். அச் சங்கங்களுக்கு நம் பகுதிகளில் கட்டடம் உண்டு, களஞ்சியம் உண்டு, அங்கத்தவர் உண்டு. அவை ஊர்க் கடைகளை எதிரிகளாக எண்ணாமல் முகவர்களாக ஏற்று, மொத்தமாகக் கொள்வனவு செய்து, தொலைபேசிக் கட்டளைகளைப் பெற்று, அக் கடைகளின் மூலமே வீடுகளுக்கு விநியோகிக்கலாகாதா? துவிச்சக்கரவண்டியும் துடிப்புள்ள இளைஞரும் இல்லாத ஊர் எது? திரும்பிவரும் வண்டியிலே கமக்காரனின் முருங்கைக்காயும் முட்டையும் களஞ்சியத்திற்கு வருமே!

கடைக்காரரும் தம்மைத் திருத்திக்கொள்ளவேண்டும். நிறை சரியாக இருக்கவேண்டும், விலை எழுதப்பட்டிருக்கவேண்டும், பழுதான பொருளை முகங்கோணாது மாற்றிக் கொடுக்கவேண்டும். இவற்றைச் செய்யாத கடைக்காகப் பரிந்துபேச நாம் ஆயத்தமாயில்லை.

உத்தியோகத்தர்களுக்கு ஒரு வார்த்தை. இணையத்தில் எதையும் வாங்கவேண்டாமென்று நாம் கேட்கவில்லை. ஊரில் கிடைக்கும் அரிசியையும் பருப்பையும் தேங்காயையும் ஊர்க் கடையிலே கைக்காசுக்கு வாங்குங்கள். நீங்கள் கொடுக்கும் காசு உங்கள் அயலவரின் அடுப்பையும் எரியவைக்கின்றது. கமக்காரர்களுக்கும் ஒரு வார்த்தை. அறுவடைப் பணம் வந்தவுடன் முதலில் கொப்பிக் கணக்கைத் தீருங்கள். உங்கள் சங்கத்தின் அடுத்த பொதுக்கூட்டத்திற்குத் தவறாது சென்று, ஊர்க் கடைகளை இணைக்கும் திட்டத்தைப் பிரேரணையாகக் கொண்டுவாருங்கள். கடைகள் ஒவ்வொன்றாக மூடப்பட்டபின் கூடிப் பேசுவதில் பயனில்லை.