விதை கேட்பது நல்ல தண்ணீர்

"வெறும் தண்ணீரில் ஊறவைத்து என்ன பலன்? சத்துக் கரைசலில் போடுங்கள். கரைசல் கெட்டியானால் முளைப்பும் பலமாக இருக்கும்." மாடித்தோட்டம் போடுபவர்களிடமும் நாற்று விடும் விவசாயிகளிடமும் இந்தப் பேச்சு அடிக்கடி காதில் விழுகிறது. நல்லெண்ணத்தில் சொல்வதுதான். ஆனால் இதை நம்பி விதை பாழானால் பருவமே கைவிட்டுப் போகும். ஆகவே ஒவ்வொரு வாதமாக எடுத்துப் பார்ப்போம்.

1. 'முளைக்க உணவு வேண்டும்.' வேண்டும்தான்; அது விதைக்குள்ளேயே இருக்கிறது. பாசிப்பயறை இரவு ஊறவைத்து ஈரத்துணியில் கட்டினால், எந்த உரமும் இல்லாமல் வால் விடுகிறது. நெல்லில் நீர் ஏறியதும் கரு ஜிப்ரலின் என்ற ஹார்மோனைச் சுரக்கிறது; அதன் தூண்டுதலால் உருவாகும் அமைலேஸ் நொதி மாவுச்சத்தைச் சர்க்கரையாக உடைத்து முளைக்கு ஊட்டுகிறது. நாம் வெளியே சர்க்கரை கரைத்தால் பூஞ்சைக்குத்தான் விருந்து.

2. 'கெட்டியான கரைசல் கூடுதல் பலம்.' நறுக்கிய மாங்காயில் உப்பைப் பிசறி வையுங்கள். சற்று நேரத்தில் நீர் விட்டு நிற்கும். செறிவான பக்கம் நீரை இழுத்துக்கொள்கிறது. செறிந்த கரைசலில் கிடக்கும் விதைக்கும் இதே கதிதான்: சுற்றிலும் தண்ணீர் இருந்தும் அதனால் போதுமான அளவு உறிஞ்ச முடியாது. உப்பு, உரம், சர்க்கரை எதற்கும் இது பொருந்தும். உப்பில் மேலும் ஒரு கேடு, உள்ளே புகும் சோடியமும் குளோரைடும் கருவுக்கு நஞ்சாகும்.

3. 'நெல் விதையை உப்புத் தண்ணீரில் போடுகிறார்களே?' 10 லிட்டர் தண்ணீரில் சுமார் ஒன்றரைக் கிலோ உப்பைக் கரைத்து, அதில் முட்டையை விடுவார்கள். மேலே நாணய அளவு வெளியே தெரிந்தால் கரைசல் பதம். நெல்லைக் கொட்டியதும் பதர் மிதக்கும், திரண்ட மணி அடியில் தங்கும். இது தரம் பிரிக்கும் வேலை. தங்கிய விதையை உடனே இரண்டு மூன்று தடவை நல்ல தண்ணீரில் அலசுவதே, உப்பு தங்கினால் முளைப்பு கெடும் என்பதால்தான். வறட்சியைத் தாங்குவதற்காக விதையைக் கடினப்படுத்தும் பொட்டாசியம் குளோரைடு கரைசலும் 1 சதவீதம்தான், அதாவது லிட்டருக்கு 10 கிராம். அதில் 16 மணி நேரம் ஊறிய விதையை நிழலில் உலர்த்தியாக வேண்டும்.

4. 'பஞ்சகவ்யம் இயற்கையானது, எவ்வளவும் சேர்க்கலாம்.' அதற்கும் பரிந்துரை 3 சதவீதம்தான்: 10 லிட்டருக்கு 300 மில்லி, 20 நிமிடம் போதும். இயற்கைப் பொருளிலும் உப்புகள் உண்டு. நொதிக்கும் கரைசலில் பெருகும் நுண்ணுயிர்கள் விதைக்கு வேண்டிய ஆக்சிஜனையும் எடுத்துக்கொள்ளும்.

5. 'அதிக நேரம் ஊறினால் நல்லது.' விதை மூச்சு விடும் உயிர். தண்ணீருக்குள்ளேயே கிடந்தால் நெல்லில் குருத்து நீளும், வேர் இறங்காது. அதனால்தான் ஊறிய நெல்லை வடித்து, சாக்கில் கட்டி முளைகட்டுகிறார்கள்.

கரைசல்களை ஒதுக்கச் சொல்லவில்லை. யார் எதைப் பரிந்துரைத்தாலும் எதற்காக, எவ்வளவு, எத்தனை நேரம் என்று கேளுங்கள். பிறகு 100 விதையை அந்தக் கரைசலிலும் 100 விதையை நல்ல தண்ணீரிலும் ஊறவைத்து, தனித்தனி ஈரச்சாக்கில் சுருட்டி வைத்து எண்ணிப் பாருங்கள். சான்று பெற்ற நெல் விதைக்கே குறைந்தது 80 முளைக்க வேண்டும் என்பது விதி. அந்த எண்ணிக்கையைப் பார்த்த பிறகு மூட்டையைப் பிரியுங்கள்.