பெட்டியில் என்ன வைப்பது?

வீடு மாறப்போகிறோம். காத்தோங்கில் முப்பது ஆண்டுகளுக்கு மேல் இருந்துவிட்டு, மகள் குடியிருக்கும் பொங்கோல் பக்கம் போகிறோம். சிலோன் ரோடு செண்பக விநாயகரை நினைத்தபோது போய்ப் பார்க்க முடியாதே என்பது மனைவியின் கவலை. என் கவலை புத்தகங்கள். நானூறுக்குக் குறையாது. புது வீட்டில் ஓர் அலமாரிக்குத்தான் இடம் என்று மகள் தீர்ப்புச் சொல்லிவிட்டாள்.

"மதுரைச் சிறைக்குக் கொடுத்துவிடுங்களேன், தம்பி வரும்போது எடுத்துப்போகட்டும்" என்றாள் மனைவி. தம்பி என்பது மதுரையில் இருக்கும் என் தங்கை மகன்.

அவளுக்கு அந்த யோசனை வந்ததற்குக் காரணம் உண்டு. 2023 ஜனவரியில் சென்னைப் புத்தகக் காட்சிக்குப் போயிருந்தோம். நந்தனம் ஒய்எம்சிஏ திடலில் பதிப்பகக் கடைகளுக்கு நடுவே தமிழகச் சிறைத்துறையும் ஓர் அரங்கு போட்டிருந்தது. விற்க அல்ல, வாங்க. 'கூண்டுக்குள் வானம்' என்று பெயர். கைதிகளுக்காக உங்களிடம் இருக்கும் புத்தகத்தைத் தாருங்கள் என்று கேட்டார்கள். சுமையைக் குறைக்க நினைத்துக்கொண்டிருந்த நான், அன்று வாங்கியதில் பிடிக்காமல் போன இரண்டை எடுத்துக் கொடுத்துவிட்டுப் பெருமையாக நடந்தேன். ஒன்று பங்குச்சந்தையில் பணம் பண்ணுவது எப்படி என்பது. சிறையில் இருப்பவருக்கு! இன்று நினைத்தாலும் கூச்சமாக இருக்கிறது.

இந்த முறை அப்படிச் செய்யக் கூடாது என்று, விவரம் தெரிந்த ஒருவரைக் கேட்டேன். எங்கள் வட்டாரக் காப்பிக்கடையில் வேலை செய்பவர். ஐம்பதை நெருங்குகிறார். போதைப்பொருள் வழக்கில் சாங்கியில் சில ஆண்டுகள் இருந்தவர். அதை அவரே மறைப்பதில்லை. பெயர் வேண்டாம்.

"உள்ள என்ன படிச்சீங்க?" என்றேன்.

"கெடச்சதெல்லாம் படிச்சேன் அண்ணே. ஒரே நாவல ஏழு தடவ படிச்சிருக்கேன். ஆனா எனக்கு வேணும்னு இருந்தது டிக்‌ஷனரி."

நான் எதிர்பார்த்த பதில் அல்ல. அவரே விளக்கினார். மகள் அப்போது தொடக்கநிலை நான்கு. கடிதம் எழுதுவாள், ஆங்கிலத்தில்தான். வீட்டில் தமிழ் பேசினாலும் எழுத வருவது அதுதானே நம் பிள்ளைகளுக்கு. இவர் பள்ளியைப் பாதியில் விட்டவர். "டியர் அப்பா" வரை புரியும். அதற்குப் பிறகு பக்கத்தில் இருப்பவரிடம் நீட்ட வேண்டும். "எம்மக எனக்கு எழுதினத இன்னொருத்தன் வாயால கேக்கணும். அவன் சிரிச்சா கோவம் வரும், சிரிக்கலன்னாலும் கோவம் வரும்" என்றார். பிறகு யாரோ ஒருவர் வைத்திருந்த பழைய அகராதியை இரவல் வாங்கி, ஒரு பக்கக் கடிதத்தை மூன்று நாள் படித்தாராம்.

எனக்கு அமெரிக்காவின் சியாட்டில் நகரத்து அமைப்பு ஒன்று நினைவுக்கு வந்தது. 'புக்ஸ் டு பிரிசனர்ஸ்' என்று பெயர். 1970களின் தொடக்கத்திலிருந்து தொண்டூழியர்களாலேயே நடந்துவருகிறது. கைதிகள் இன்ன புத்தகம் வேண்டும் என்று கடிதம் போடுவார்கள். அதைப் படித்து, அலமாரியில் தேடி, கட்டித் தபாலில் அனுப்புவார்கள். அதிகம் கேட்கப்படுவது என்ன தெரியுமா? அகராதிதான். அங்கே பல சிறைகள் கெட்டி அட்டைப் புத்தகத்தை உள்ளே விடுவதில்லை என்பதால் மெல்லிய அட்டைப் பிரதியாகத் தேட வேண்டியிருக்கும். அந்த ஏற்பாட்டில் எனக்குப் பிடித்தது, கேட்பவர் முதலில் பேசுகிறார், கொடுப்பவர் பிறகு என்பதுதான்.

பிரேசிலில் வேறு கதை. 2012இல் வந்த திட்டப்படி, ஒரு புத்தகத்தைப் படித்து அதைப் பற்றி எழுதிக் கொடுத்தால் தண்டனையில் நான்கு நாள் கழியும். ஆண்டுக்குப் பன்னிரண்டு புத்தகம், 48 நாள். நல்ல திட்டம்தான், குறை சொல்ல மாட்டேன். ஆனால் எழுத்துக்கூட்டிப் படிப்பவருக்கு அந்த நான்கு நாள் எட்டுமா என்று காப்பிக்கடை நண்பரை நினைத்து யோசித்தேன்.

நம் ஊரில் சிறைக்குள்ளேயே பள்ளி இருக்கிறது. 'ஓ' நிலை, 'ஏ' நிலைத் தேர்வு எழுதி வெளியே வருகிறார்கள். 2004இல் தொடங்கிய மஞ்சள் ரிப்பன் திட்டத்துக்குப் பிறகு அவர்களைப் பற்றிப் பேசவும் பழகிக்கொண்டோம். வ.உ.சி. செக்கிழுத்ததை நாம் எல்லாரும் சொல்வோம். சிறையில் இருந்தபடியே ஜேம்ஸ் ஆலனைத் தமிழாக்கினார் என்பதைச் சொல்பவர்கள் குறைவு.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். பழைய புத்தகம் தேடி நான் அடிக்கடி போகும் இடம் பிராஸ் பாசா காம்ப்ளெக்ஸ். அந்த வட்டாரத்தில்தான் ஒரு காலத்தில் இந்தியக் கைதிகளின் சிறை இருந்தது. 1825 முதல் கப்பலில் கொண்டுவரப்பட்டவர்கள். சென்னை மாகாணத்தவர் நிறையப் பேர். புனித ஆண்ட்ரூ தேவாலயம் அவர்கள் உழைப்பு. சிறை போய்விட்டது, அதே பக்கத்தில் இப்போது புத்தகக் கடைகளும் தேசிய நூலகமும் நிற்கின்றன. நான் அங்கே பேரம் பேசிக்கொண்டிருந்த அத்தனை ஆண்டும் இதை நினைத்ததில்லை.

சென்ற சனிக்கிழமை நண்பரை வீட்டுக்கு அழைத்தேன். அலமாரி முன்னால் உட்கார்ந்து அவர்தான் பிரித்தார். என் தன்முன்னேற்ற நூல்கள் எல்லாம் ஒதுங்கின. "இதெல்லாம் வெளிய இருக்கறவங்களுக்குண்ணே." சமையல் புத்தகத்தைப் பெட்டியில் வைத்தார். "இத ராத்திரி படிச்சா நல்லா இருக்கும்." துப்பறியும் கதைகள் உள்ளே. கடைசிப் பக்கம் கிழிந்த ஒன்று மட்டும் வெளியே. அது கொடுமை என்றார்.

கடைசியாக என் லிப்கோ அகராதி. நான் உயர்நிலைப் பள்ளியில் படித்தபோது அப்பா வாங்கித் தந்தது. முதல் பக்கத்தில் அவர் கையெழுத்து. பெட்டியில் வைக்கப் போனேன். அவர் வாங்கி, அந்தப் பக்கத்தைப் பார்த்துவிட்டு, அலமாரியிலேயே திரும்ப வைத்தார்.

"புதுசா ரெண்டு வாங்குங்கண்ணே. அட்ட மெல்லிசா இருக்கட்டும்."

மறுநாள் சிராங்கூன் ரோட்டுக்குப் போனேன். கடையில் இருந்தது ஒரே ஒரு பிரதி. இன்னொன்றுக்குச் சொல்லி வைத்திருக்கிறேன். பெட்டி இன்னும் ஒட்டப்படவில்லை.